பொகவந்தலாவை அம்மனின் வலது கை

தங்கமான என் அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை காலையில் பொகவந்தலாவைக் கோயில் கோபுரத்திலிருந்து அம்மனின் வலது கை விழுந்துவிட்டது. பூசாரி தலவாக்கலைக்கு ஆள் அனுப்பிச் சொன்னார். நானும் மச்சானும் மத்தியான பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். யாருக்கும் அடியில்லை. நீ செய்த முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

மச்சான், உன் புருஷன், அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சுதைக்குள் எலும்பாக வைத்திருந்த இரும்புப் பட்டி, விரல் பட்டதும் சிவப்புத் தூளாக உதிர்ந்தது. துரு ஏறி ஊதிய இரும்பு சுண்ணாம்பை உள்ளிருந்தே பிளந்திருக்கிறது. "அவ அன்னைக்கே சொன்னாளே மாப்ள" என்றார்.

நீ அன்றைக்குச் சொன்னது உனக்குத் தெரியும். நீ கண்ணை மூடிய பிறகும் என் பேப்பரில் உனக்கே எழுதுகிறேன், அதனால் படிக்கிறவர்களுக்காகவும் அதைச் சொல்கிறேன். சுதந்திரம் வந்த வருஷம் மதுரைப் பக்கமிருந்து அந்தக் கோபுர வேலைக்கு வந்தவர் மச்சான். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நீ, அங்கே சுண்ணாம்பு அரைக்கப் போனாய். கல்யாணத்துக்குப் பிறகு உடம்பும் ஆயுதமும் வாகனமும் அவருக்கு, முகமும் விரல்களும் உனக்கு என்று வேலை பிரிந்தது. "கொழுந்து கிள்ளுற கை சாமிக்கு மூக்கு வைக்குதா?" என்று மூங்கில் சாரத்துக்குக் கீழே நின்று ஒருவர் கேலி செய்தார். "நீங்க அங்க நிக்காதீங்கண்ணே, உங்க மூக்கு மாதிரியே வந்துடப்போகுது" என்றாய். அவரே சிரித்துவிட்டார்.

இரும்புப் பேச்சும் அந்தச் சாரத்தில்தான் நடந்தது. தேயிலைப் பெட்டிக்கு அடிக்கிற பட்டியில் மிச்சமானதைத் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் சும்மா கொடுத்தார்கள். மச்சான் அதையே சாமிகளின் கைக்குள் வைத்தார். "இந்த ஊரு ஈரத்துக்கு இரும்பு தாங்குமாங்க? பலாக் குச்சியில தேங்காத் தும்புக் கயிறு சுத்தி வைப்போமே" என்றாய். "சுண்ணாம்புக்குள்ள போயிட்டா இரும்புக்கு ஏது மழை? நீ முகத்தைப் பாரு" என்றார். அவர் தொழில் கற்றது மதுரை வெயிலில். நீ முகத்தைப் பார்த்தாய். அப்புறம் கட்டிய எந்தக் கோயிலிலும் அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. ஏன் அக்கா? மரியாதையா, சலிப்பா?

தன் தாயாரின் கருமாதிக்கு மச்சான் இந்தியா போயிருந்தபோது, மேட்டுத் தேவாலயத்துக்கு நீ தனியாக ஒரு மாதா செய்தாயே, புதன்கிழமை அதைப் பார்க்கப் போனார். கூரைகூட இல்லாமல் மழையில் நிற்கிற மாதா. உள்ளே இருப்பது பலாக் குச்சியும் தும்புக் கயிறும்தான். இரண்டு கையையும் தட்டித் தட்டிப் பார்த்தார். எங்கேயும் உள்ளே விட்டுப்போன பொள்ளல் சத்தம் இல்லை. "ஒத்தையா செஞ்சது நிக்குது. என்னோட சேந்து செஞ்சதெல்லாம் விழுது" என்றார்.

இப்போது கோயில் கமிட்டி எல்லாச் சுதையையும் இடித்துவிட்டு, கொழும்பிலிருந்து சிமெந்து உருவங்கள் வாங்க நினைக்கிறது. "கையில்லாத சாமியக் கும்பிடலாமா? ரெண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு நம்மள்ல பாதிப் பேரை இந்தியாவுக்கு அனுப்பப்போறாங்களாம். அப்புறம் யாரு இதைப் பராமரிக்கிறது?" என்கிறார் தலைவர். இடித்தால் உன் முகங்களும் போகும். மச்சான் கெஞ்சியதில் ஒன்றுக்கு மட்டும் இணங்கினார்கள். அம்மனின் கையைப் புதிதாகச் செய்து காட்ட வேண்டும். அது சரியாக வந்தால் மற்றவற்றையும் பழுது பார்க்கலாம்.

உள்ளே பலாக் குச்சி வைத்துவிட்டார். ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் ஒரு விரல்கூடச் செய்ததில்லையே! முதலில் செய்ததைப் பார்த்த பூசாரி, "என்னா ஸ்தபதி, அம்மன் கையில கதலிச் சீப்பா?" என்று கேட்டுவிட்டார். மச்சான் அதை வழித்துப் போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "உனக்கு அவ விரலு மாப்ள. கையத் தூக்கிக் காட்டு" என்றார். பனியில் அருள் கொடுக்கிற மாதிரி நின்றேன். கீழே கொழுந்துக்குப் போன பெண்கள், "பேப்பர்க்கார சாமி, எங்களுக்கும் ஒரு வரம் குடுங்க!" என்று கத்தினார்கள். மச்சான் சிரிக்கவில்லை. என் சுண்டு விரலைப் பிடித்துக் கொஞ்சம் வளைத்து, வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படித்தான் வளைப்பா" என்றார்.

நேற்று மாலை விரல்களை முடித்தார். நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நனைந்த சாக்கைச் சுற்றி வைத்திருக்கிறோம். இந்தக் குளிரில் சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கமிட்டி வந்து பார்க்கும். அன்றைக்குத்தான் முடிவு தெரியும்.

அவர்கள் வேண்டாமென்றால், சம்மட்டி விழும் முன்பே மச்சானோடு நானும் சாரத்தில் ஏறி, உன் முகங்களை ஒவ்வொன்றாக அறுத்துக் கீழே இறக்குவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவன்,
தலவாக்கலையிலிருந்து