பறித்துப் போட்ட நாற்று

புரட்டாசி 18, செவ்வாய்

கூலிக்கு ஆள் பேசி வைக்காமலேயே நாற்றைப் பறித்துப் போட்டுவிட்டு, நடவுக்குப் பெண்கள் வேண்டுமென்று இன்று காலை பஸ்ஸை மறித்தார் மிராசுதார். கூப்பிட்டால் ஓடிவருவோம் என்ற பழைய நினைப்பு. பஸ்ஸில் இருந்தவர்கள் தஞ்சாவூரில் கடை வேலைக்குப் போகிறவர்கள்.

"இறங்குங்கடி, நாத்து வாடுது!"

ஒருத்தியும் அசையவில்லை. என்னைவிடப் பத்து வயது இளைய மிராசுதார், மருமகளை ஏற்றிவிட்டுக் கீழே நின்ற என் பக்கம் திரும்பினார்.

"உன் மருமவள இறங்கச் சொல்லுடா."

முதியோர் வகுப்பில் கற்ற எழுத்தைக் கூட்டி, பஸ் பலகையை உரக்கப் படித்தேன்.

"தஞ்சாவூர்னுதான் போட்டிருக்குங்க. உங்க வயல்னு போடலீங்களே!"

பஸ்ஸே சிரித்தது. அவர் ஒதுங்கினார். இந்த ஆளுக்கு முன்னாலா என் அப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்? சீ.

மாலையில் அந்த வழியே வந்தேன். நாற்றுக்கட்டுகள் வரப்பில் காய்ந்துகொண்டிருந்தன. மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் வாய்க்கால் தண்ணீரில் இறக்கி வைத்தேன். அவருக்கு இது தெரிய வேண்டாம்.