ஆம்புலன்ஸுக்கு முன் மாற்று ஆளை அழைத்தது குறித்து

அனுப்புநர்:
தொகாஷி மயுமி,
தினக்கூலி ஒப்பந்தத் தொழிலாளி,
ஓகாகி நகரம், கிஃபு மாநிலம், ஜப்பான்.

பெறுநர்:
தலைமை ஆய்வாளர் அவர்கள்,
தொழிலாளர் ஆய்வு அலுவலகம், ஓகாகி.

பொருள்: வேலையிடத்தில் மயங்கி விழுந்த இசோபே நொரிகோ அவர்களுக்கு உதவி மறுக்கப்பட்டது – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் இசோபே அம்மையாரும் ஆட்களை அனுப்பும் ஒரு நிறுவனத்தில் பெயர் பதிந்தவர்கள். அவர்கள் தொலைபேசியில் கூப்பிடும் நாளில் மட்டும் மதிய உணவுப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலைக்குப் போவோம். கூப்பிடாத நாளில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

2. கடந்த பிப்ரவரி 9 காலை, "ஒரு ஆளு கொறையுது, உடனே வாங்க" என்று அழைப்பு வந்தது. பல நாள் சும்மா இருந்த நான் மகிழ்ச்சியோடு மிதிவண்டியை எடுத்துக்கொண்டு விரைந்தேன். உடை மாற்றும் அறையில் அம்மையார் வெறும் தரையில் கிடந்தார். வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. முகமூடியைக்கூட யாரும் முழுதாகக் கழற்றிவிடவில்லை. குறைந்த ஆள் யாரென்று அப்போதுதான் விளங்கியது.

3. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்றா என்று தொழிற்சாலை மேற்பார்வையாளர் திரு. ஒகுயாமாவிடம் கேட்டேன். "அவங்க எங்க ஆள் இல்லைங்க. அனுப்புன கம்பெனிக்குச் சொல்லிட்டோம், அவங்கதான் பாக்கணும்" என்றார். அந்நிறுவனத்தோடு நானே பேசினேன். "விழுந்தது அவங்க எடத்துல, அவங்கதானே கூப்பிடணும்? நீங்க மொதல்ல லைன்ல போய் நில்லுங்கம்மா, பெல்ட் ஓடிட்டிருக்கு" என்றார்கள். இரு தரப்பாரும் தாமதமின்றிச் செய்த ஒரே காரியம் என்னை வரவழைத்ததுதான் என்பதைத் தங்கள் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

4. ஆம்புலன்ஸை நான் அழைத்தேன். வரும்வரை அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "இப்ப எந்திரிச்சிருவேன். அடுத்த வாரம் என்னைக் கூப்பிடாம விட்டுற வேணாம்னு சொல்லு" என்று குழறினார். அவர் பேசிய கடைசிப் பேச்சு அது.

5. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார் மருத்துவர்; சற்று முன்பே கொண்டுவந்திருந்தால் பேச்சாவது தப்பியிருக்கும் என்றும் சொன்னார். இன்று வலது கையும் காலும் விளங்கவில்லை. துணைக்கு ஒருவரும் இல்லாதவர். தம் விருப்பப்படி வேலையை விட்டு விலகினார் என்று நிறுவனம் தங்களிடம் தெரிவித்திருப்பதாக அறிகிறேன். இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் இல்லை.

6. சென்ற வாரம் நிறுவனத்தார் என்னைக் கூப்பிட்டு, "அந்த எடம் காலியாத்தான இருக்கு? பேசாம இருந்தீங்கன்னா ஆறு மாசத்துக்கு உங்களுக்கே எழுதித் தர்றோம்" என்றார்கள். மறுத்துவிட்டேன். அதன்பின் அழைப்பு இல்லை.

ஆகவே, இதை வேலையிடத்தில் நேர்ந்த பாதிப்பாக ஏற்று அம்மையாருக்குச் சிகிச்சையும் இழப்பீடும் கிடைக்கச் செய்யுமாறும், இரு தரப்பார் மீதும் நடவடிக்கை எடுக்குமாறும் வேண்டுகிறேன். சாட்சி சொல்ல எந்த நாளில் அழைத்தாலும் வருவேன். எனக்கு இப்போது எல்லா நாளும் ஓய்வுதான்.

இடம்: ஓகாகி
நாள்: மார்ச் 18

தங்கள் விசாரணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) தொகாஷி மயுமி