நீ டைபாய்டு என்று சொன்ன நோய்

இல்லை, என் அன்பு அப்பா, நேற்றும் தூங்கவில்லை.

நீ கேட்கவில்லைதான். ஆனால் காலையில் காப்பி டம்ளரோடு வந்து, கட்டிலை மெல்லத் தட்டி, நீ கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருந்தது. கேட்க ஆள் இல்லாமல் போன பிறகும் பதில் மட்டும் தினமும் வந்துகொண்டிருக்கிறது.

ஒரு வாரம்தான் என்று சொன்னாய். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் உடம்பு தன் வழிக்கு வந்துவிடும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் உன்னிடம் சொன்னார். நீ என்னிடம் சொன்னாய். வாந்தி நின்றது. நடுக்கம் நின்றது. அதெல்லாம் நிஜம். ஆனால் மிச்சம் இருக்கப்போவதைப் பற்றி அவர் சொல்லவில்லையா? சொல்லியும் நீ மறைத்துவிட்டாயா?

மிச்சம் இதுதான். மே மாதப் புழுக்கத்தில் கை மயிர் சிலிர்த்து நிற்கிறது. மூக்கு ஒழுகுகிறது. தும்மல் வந்தால் அடுக்கடுக்காக. தாடை கழன்றுவிடும்போலக் கொட்டாவி. படுத்தால் கால்கள் மட்டும் எங்கோ கிளம்பத் தயாராகின்றன. புத்தகத்தை எடுத்தால் எழுத்து தெரிகிறது, வேறொன்றும் நடப்பதில்லை. சோர்வு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அந்தச் சொல் இதற்குப் போதவில்லை.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். உன்னைக் கேட்காமல். மாட்டுங்காவில் எந்த வீட்டில், எந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால், யார் டைபாய்டு என்ற பெயரில் படுத்திருக்கிறார்களோ. அதனால் உனக்குத் தெரிந்ததையே அவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்.

தாராவிப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்த வருஷம், ரயில் நிற்பதற்குள் பிளாட்பாரத்தில் கால் வைத்தேன். தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, தெருக்கோடி டாக்டர் காலையும் மாலையும் வந்து மார்ஃபியா ஊசி போட்டார். இளகிய மனசுக்காரர். நான் அழுவது அவருக்குப் பொறுக்கவில்லை. எலும்பு சேர்ந்தது. ஊசி நிற்கவில்லை. வலிக்கிறது என்றேன்; வலிக்கத்தான் செய்தது. எது எலும்பின் வலி, எது ஊசிக்கான பசி என்று பிரித்துச் சொல்ல அப்போது தெரியவில்லை. இப்போதும் சரியாகத் தெரியாது.

நீதான் கண்டுபிடித்தாய். டாக்டர் வரும் நேரத்துக்கு நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாய். ஒரு நாள் பின்னால் வந்து நின்றாய்.

"யாருக்குடி காத்துண்டிருக்கே? உன்னைப் பொண்ணு பாக்க வந்தவனைக்கூட நீ இப்படி எட்டிப் பாக்கலையே."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

ஆபீசுக்கு லீவு போட்டாய். டாக்டரை வாசலிலேயே திருப்பி அனுப்பினாய். "டைபாய்டு. ஒட்டிக்கும். யாரும் உள்ளே வரப்படாது" என்று அம்மாவிடம் சொல்லி உள்ளறைக் கதவைச் சாத்தினாய். அம்மா நம்பினாள். கஞ்சியைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனாள். நீ பேசின் பிடித்தாய். உன் பழைய வேட்டியை நீளநீளக் கீற்றாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, என் கெண்டைக்காலில் இறுக்கிக் கட்டினாய். கால்கள் கொஞ்சம் அடங்கின. ஒரே ஒரு ஊசி, அப்பா, இதோடு முடிந்தது என்று நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியபோது நீ சொன்னாய்:

"வண்டி நிக்கறதுக்குள்ள இறங்கினதாலதான் இத்தனையும். இந்தத் தடவை அது நிக்கட்டும்டி. நானும் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்."

வண்டி நிற்கவில்லை. நீ இறங்கிவிட்டாய்.

ஆபீசில், மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. உன்னைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்திய பிறகு, வழக்கமான நேரத்துக்கு உன் சாப்பாட்டு டப்பாவும் வீடு திரும்பியது. டப்பாவாலாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தயிர்சாதத்தை நீ தொட்டிருக்கவில்லை.

காரியங்கள் நடந்த நாட்களில் எல்லோரும் என்னைப் பார்த்தே அழுதார்கள். "அப்பா செல்லம். கண்ணுல தண்ணி நிக்கறதா பாரேன்." அது அழுகை இல்லை, அப்பா. கண் சும்மா வழிந்துகொண்டிருந்தது. மூக்கும். உனக்காக எப்போது அழுதேன், அழுதேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நோய் அதையும் எடுத்துக்கொண்டது. வேறு எதையும்விட இதற்காகத்தான் அதன்மேல் எனக்குக் கோபம்.

நீ போன பிறகு நம் தெருவில் இதன் நிஜப் பெயர் தெரிந்தவர்கள் நானும் தெருக்கோடி டாக்டரும்தான். அவர் என்னைக் கண்டால் எதிர் நடைபாதைக்கு மாறிவிடுகிறார். மற்றவர்களுக்கு நான் டைபாய்டில் இளைத்தவள்.

மாடிவீட்டுக் கோமு மாமிக்கு மட்டும் அதில் சந்தேகம். டைபாய்டு எப்போதோ போயிற்று, இந்தக் கொட்டாவி கண் பட்டதால் வருகிறது என்பது அவள் கட்சி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, மிளகாயும் உப்பும் கடுகும் சுற்றி அடுப்பில் போட்டாள். வீடு முழுக்கப் புகை. திருஷ்டி இருந்தால் மிளகாய் கமறாது என்று கணக்கு.

"பாத்தியா," என்றாள் மாமி, இருமிக்கொண்டே, "துளி நெடி" மறுபடி இருமல், "நெடியே இல்லை பாரு."

அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். எனக்குத்தான் உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை. மூக்கு அடைத்திருந்தது. நீ இருந்திருந்தால் அன்று என் பக்கம் திரும்பாமல் பேப்பரை விரித்துப் பிடித்துச் சிரிப்பை மறைத்துக்கொண்டிருப்பாய்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டேன். முதல் நாளே, பாடத்தின் நடுவில் மூன்று தடவை வாயைப் பொத்தினேன். முன்வரிசையில் ஒருத்தி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், எழுந்து நின்று சொன்னாள்: "டீச்சர், நீங்க கொட்டாவி விட்டா எங்களுக்கும்லா வருது." வகுப்பே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. சிரித்தேன் என்று நினைக்கிறேன். அன்று வீடு வரும்வரை கால் வலிக்கவில்லை.

வரும் வழியில், முன்பு ஊசி மருந்துச் சீட்டோடு நான் போய் வந்த அந்த மருந்துக்கடை இருக்கிறது. கடைக்காரர் என்னை மறக்கவில்லை. "க்யா பெஹன், பஹுத் தின் ஸே ஆயே நஹி" என்றார், ரொம்ப நாளாக வரவில்லையே என்று, வெகுநாள் காணாத சொந்தக்காரரைப்போல. அவருக்குப் பின்னால் அலமாரியில் இருமல் மருந்துப் பாட்டில்கள். அதிலும் அதே சரக்குக் கொஞ்சம் உண்டு. எனக்கு இருமல் இல்லை. ஆனால் அங்கே நின்றபோது இருமல் வந்தது, அப்பா. நிஜமான இருமல். இப்போது நான் அந்தக் கடைப் பக்கம் வராமல், சர்க்கிள் ரவுண்டானாவை மறுபக்கமாகச் சுற்றி வருகிறேன். நொண்டிக் காலுக்கு அது தூரம்.

இவையெல்லாம் பழைய சேதி. நேற்று நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் அம்மா சமையலறையிலிருந்து டம்ளரோடு வந்தாள். கசகசாவை ஊறவைத்து, தேங்காயோடு அரைத்து, வெல்லம் போட்டுப் பால் விட்டுக் காய்ச்சியது. ஏலக்காய் வாசனை. எனக்கு நெடுநாளைக்குப் பிறகு மூக்கில் ஏறிய முதல் வாசனை அது.

"கோமு சொன்னா. இதைக் குடிச்சா அடிச்சுப் போட்டாப்பல தூக்கம் வரும். குடிடி."

அம்மாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் என்ன? கசகசாவும் என் ஊசியும் ஒரே செடி. காயைக் கீறினால் வடிகிற பால் அபின், அதிலிருந்து மார்ஃபியா. காய் முற்றி உலர்ந்தால் உள்ளே கசகசா. விதையில் சொல்லும்படி ஒன்றும் இல்லை, குழந்தைகளுக்கே கொடுப்பார்கள். கல்லூரி நூலகத்தில் படித்திருக்கிறேன். படித்தது மூளைக்குத்தான் எட்டியது. டம்ளரைப் பார்த்ததும் வாயில் நீர் ஊறியது. குடிப்பதற்கு முன்பே கால்கள் அடங்கின.

அதுதான் பயமாக இருந்தது. உடம்பு இன்னும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இன்று குடித்துத் தூங்கிவிட்டால், நாளை இதே நேரத்துக்குச் சமையலறை வாசலில் நிற்பேன். நாளன்றைக்கு அந்தக் கடை.

"வேண்டாம்மா."

"ஏன்? தித்திப்பு போறலையா?"

"அது இல்லை."

"உனக்காக ஊறவெச்சு அரைச்சிருக்கேன். கை விட்டுப்போச்சு. ஒரு வாய்."

காரணம் சொல்லாமல் மறுத்தால் நாளைக்கும் அரைப்பாள். அவளை எனக்குத் தெரியும். காரணம் சொன்னால் உன் பொய் போய்விடும். நீ எனக்காகக் கட்டிய ஒரே சுவர். ரொம்ப யோசிக்கவில்லை, களைப்பாக இருந்தது. சொல்லிவிட்டேன். ஊசி, ஜன்னல், கதவு, டைபாய்டு, எல்லாம். கடைசியாகக் கசகசா.

அம்மா டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"அப்போ உங்கப்பா எங்கிட்ட பொய் சொன்னாரா?"

"ஆமாம்மா."

"அத்தனை பாத்திரத்தையும் வெந்நீர்ல கொதிக்க வெச்சேனேடி. தட்டு, ஸ்பூன், ஒண்ணு விடாம. கெரசினுக்கு வரிசையில நின்னுண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்குக் கோபம். என்மேல் இல்லை, உன்மேல். செத்துப்போனவர்மேல் எப்படிக் கோபப்படுவது என்று தெரியாமல் முந்தானையை உதறிச் செருகினாள். பிறகு குரல் இறங்கியது.

"தனியா எப்படிச் சமாளிச்சார்? எங்கிட்ட சொல்லியிருந்தா மாத்தி மாத்தி உக்காந்திருப்போமே."

உன் நெஞ்சு அப்போதே வலித்திருக்குமோ? நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அதைத்தான் நினைத்தோம் என்று எனக்குத் தெரியும்.

"இன்னும் எத்தனை நாளைக்குடி இப்படி?"

"தெரியாதும்மா."

அம்மா டம்ளரைத் தூக்கி, நின்றபடியே, அந்தப் பாலைக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். "நானும் தூங்கலை," என்றாள். "அவர் போனதுலேர்ந்து."

எனக்குத் தெரியாது, அப்பா. மூன்று அடி தள்ளித்தான் படுத்திருக்கிறாள். என் கால்களையே கவனித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு பீரோவைத் திறந்தாள். உன் துணிமணிகளையெல்லாம் தானம் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். ஒரு வேட்டியை வைத்திருந்தாள். அதை மடிப்புக் கலைக்காமல் என் மடியில் போட்டாள். "கிழிச்சுக்கோ. எப்படிக் கட்டினார்னு சொல்லு, நான் கட்டறேன்." உன்னைப்போல இறுக்கிக் கட்ட அவளுக்கு வரவில்லை. இரண்டு முறை அவிழ்ந்தது. மூன்றாவது முறை பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள்.

அம்மா தூங்கினாள். குறட்டைகூட விட்டாள். நான் தூங்கவில்லை. ஆனால் எழுந்து உலாத்தவும் இல்லை. படுத்தே இருந்தேன், விடியும்வரை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வண்டி எப்போது நிற்கும் என்று தெரியாது. நின்றபிறகுதான் இறங்குவேன். பக்கத்து இருக்கை காலியாக இல்லை.

காலையில் கீற்றுகளை அவிழ்த்து அலசிக் கொடியில் போட்டேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன்.

இன்னும் இறங்காத உன் பெண்,
லலிதா