வாய்தா அன்று மட்டும்

ஆவணி 9, திங்கள்

மலைப் பக்கம் மூட்டம். ஊருக்குள் மழை இல்லை, காற்று மட்டும். பத்து மணிக்கு ஸ்டேஷன் கையெழுத்து. ஏட்டு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நோட்டைத் தள்ளினார். ஆரம்பத்தில், "அடிக்கிற கை எழுதவும் செய்யுமாலே?" என்று கேட்பார். ஆறு மாதத்தில் அந்தக் கிண்டலும் நின்றுபோயிற்று.

பிறகு கம்பெனி. பேண்டேஜ் சுருள் எண்ணிப் பெட்டி கட்டுவது. முதலாளி காதர் பாய் வழக்கம்போல ஆரம்பித்தார்: "ஒருத்தன் காதைக் கிழிச்சிட்டு பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்கு வந்த ஒரே ஆளு நீதாம்ல கண்ணா." எல்லாரும் சிரித்தார்கள். நானும். வேலையும் கொடுத்து, படுக்க ஸ்டோர் ரூமும் கொடுத்த மனுஷன். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சாயங்காலம் தங்கச்சி கோமதி போன்.

"அண்ணே, யாழினிக்குக் காது குத்து வச்சிருக்கோம். வார புதன்கிழமைக்கு அடுத்த புதன். மடவார் வளாகம் கோயில்ல."

"அதை எனக்கு எதுக்குட்டி சொல்லுத? ஊருக்குள்ள கால் வைக்க முடியாதவன்ட்ட."

"அன்னைக்கு உனக்கு வாய்தா. மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். போனை வைத்துவிட்டுப் பெட்டியிலிருந்து உத்தரவு நகலை எடுத்துப் பார்த்தேன். மனப்பாடம்தான், இருந்தாலும். ராஜபாளையத்தில் தங்கி தினமும் கையெழுத்து. மறு உத்தரவு வரும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர் நகர எல்லைக்குள் நுழையக் கூடாது. விசாரணைக்காக நீதிமன்றம் வந்து செல்வதற்கு மட்டும் விலக்கு.

நான் பிறந்த தெருவே மடவார் வளாகம்தான். பஸ்ஸில் அரை மணி.

ஆவணி 10, செவ்வாய்

தூக்கம் இல்லை. ஒரு தடவையாவது நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். யார் பார்க்கப்போகிறார்கள்.

மாசி மாதம். கோமதி வீட்டுக்குள் நுழைகிறேன். அவள் கன்னம் பன்னு மாதிரி வீங்கி, கண் சிவந்து. மாப்பிள்ளை செல்வம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். "என்ன ஆச்சு?" என்ற இரண்டே வார்த்தை. அதை நான் கேட்கவில்லை. கை முந்திக்கொண்டது. மாப்பிள்ளைக்கு இடது காதோடு சேர்த்து ஓர் அறை. பிள்ளை தோளில் இருக்கும்போதே.

அப்புறம்தான் கோமதி அலறினாள்: "கடவாப் பல்லுண்ணே! பல்லு சொத்தை! ரெண்டு நாளா அவியதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு அலையுதாவ!"

காதில் சவ்வு கிழிந்து ரத்தம். பெரியாஸ்பத்திரி, போலீஸ், கேஸ், பதினோரு நாள் உள்ளே, நிபந்தனை ஜாமீன். செல்வத்துக்குத் தொழில் மைக்செட். கல்யாணம், கோயில் கொடை எல்லாவற்றிலும் அவர் செட்தான். எந்த ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று தெரு முனையில் நின்றே சொல்லுவார். அந்தக் காதில் அடித்தேன்.

வக்கீல் அன்றைக்கே சொன்னார்: "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க. அவர் மனசு வச்சா ராஜியாப் போயிடலாம்." நான் கேட்டேனா? "போலீசுக்குப் போனவன் அவன். நான் எதுக்கு இறங்கணும்?" என்றேன். ஒரு அறையில் யாருக்குக் காது போகும், சர்ட்டிபிகேட்டுக்காக நாடகம் என்றும் பேசினேன். எழுதவே கூசுகிறது.

முதல் வாய்தாவுக்குப் போனபோது கோர்ட் வாசலில் அவர் காதில் பஞ்சோடு நின்றார். தெருக்காரர்கள் நாலு பேர் என்னைப் பார்த்த பார்வை. வக்கீல் குமாஸ்தாவைத் தனியே கூப்பிட்டு, "இனி இந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் வராததுக்கு மனுப் போட்டிருங்க" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அதன்படி ஒவ்வொரு தடவையும் போட்டுவிடுகிறார். கோர்ட் கொடுத்த ஒரே விலக்கையும் வேண்டாம் என்று சொன்னவன் நான்தான்.

ஆவணி 12, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாய் அரை நாள் லீவு கொடுத்தார். கூடவே கடைக்கும் வந்தார். "எங்க வீட்டுலயும் மாமன் முறைன்னா லேசுப்பட்டது இல்லலே" என்றார்.

பட்டுப்பாவாடைக்கு ஒரு மணி நேரம். நான் எடுத்தது மெரூன். "மூணு வயசுப் பிள்ளைக்கு ஏம்ல கிழவி கலரு?" என்று பிடுங்கி வைத்துவிட்டு மாம்பழ மஞ்சள் எடுத்தார். பச்சைக் கரை. அவர் சொன்னதுதான் சரி. கம்மல் சின்னப் பூ, நடுவில் சிவப்புக் கல்.

மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது. எங்கள் வீட்டில் தப்பியதே இல்லை. கோமதிக்குக் குத்தும்போது மாமா மடியில் அவள் போட்ட கூப்பாட்டில் நானும் சேர்ந்து அழுதேனாம். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. யாழினிக்கு மாமன் என்று இருப்பதும் நான் ஒருத்தன்தான்.

ஆவணி 14, சனி

கையெழுத்து. ஸ்டேஷனில் ஓர் அம்மா, ஏட்டிடம்: "எம்மவன் கோவக்காரந்தான் அய்யா, ஆனா நல்லவன்." ஏட்டு: "உள்ள இருக்க அம்புட்டுப் பேரும் அப்படித்தாம்மா." எனக்குச் சுருக்கென்றது.

செய்ய வேண்டியது:
சலவைக்கு வேட்டி ✓
தட்டு, சீப்பு, கண்ணாடி ✓
தேங்காய், பழம், மாலை – செவ்வாய் சாயங்காலம்
ஏட்டிடம் புதன் சீக்கிரம் கையெழுத்துக் கேட்க ✓ (பத்துக்கு முன்னால் நோட்டு வெளியே வராதாம்)
குமாஸ்தாவுக்குப் போன், இந்தத் தடவை வாரேன், மனுப் போட வேண்டாம் என்று –

கடைசி ஒன்று மட்டும் பாக்கி. இரண்டு தடவை நம்பரை எடுத்தேன். மண்ணை மிதிக்க மாட்டேன் என்று அம்புட்டு பேசிவிட்டு இப்போது "வாரேண்ணே" என்று சொல்ல வாய் வரவில்லை. போய் நின்றால் தெரிந்துகொள்கிறார். கேஸ் கூப்பிட எப்படியும் பதினொன்று ஆகும்.

ஆவணி 15, ஞாயிறு

லேசான தூறல். கம்பெனி லீவு. துணி துவைத்தது, மண்ணெண்ணெய் நாற்றம் போக ரூமைக் கழுவியது.

கோமதி போன். கோர்ட்டிலிருந்து பஸ்ஸுக்குத் திரும்புகிற வழியில் கோயில், அரை மணியில் முடித்துவிடலாம், பன்னிரண்டு வரை நல்ல நேரம். எல்லாம் கணக்காகச் சொன்னாள். "உம் புருஷன் என்னட்டி சொல்லுதாரு?" என்று கேட்டேன்.

"அவியதாண்ணே தேதி குறிச்சது. வேற நாள்ல வச்சா உங்கண்ணன் வர முடியாது, வாய்தா அன்னைக்கே வச்சிருவோம்னு. உன்ட்ட சொல்ல வேண்டாம்னாவ. நான் சொல்லிட்டேன்."

நான் காலண்டரில் தேதி பார்க்காமல் இருந்த ஆறு மாதமும் அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

யாழினியிடம் போனைக் கொடுத்தாள். "மாமா பேசுதேன்டி செல்லம்." மூச்சு மட்டும் கேட்டது. பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிட்டாள். தூக்கக் கலக்கம் என்று கோமதி சொன்னாள். பகல் பதினோரு மணிக்கு என்ன தூக்கம்.

ஆவணி 17, செவ்வாய்

முடிவெட்டு, சவரம். மாலை வாங்கி ஈரத்துணி சுற்றி வைத்தாயிற்று. ரோஜாவும் மரிக்கொழுந்தும், ரூமே மணக்கிறது.

நாளை மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். "தப்பு எம்மேல மாப்ள." அவ்வளவுதான். நீட்டினால் வழக்குப் பேசுகிற மாதிரி ஆகிவிடும். ஸ்டோர் ரூம் பெட்டிகளிடம் நாலைந்து தடவை சொன்னேன். பாய் எட்டிப் பார்த்து, "யார்ட்டலே பேசுத?" என்றார்.

குமாஸ்தாவுக்குப் போன் பண்ணவில்லை.

ஆவணி 18, புதன்



ஒன்பதரைக்கே ஸ்டேஷன் வாசலில். பெரிய அதிகாரி வருகிறார் என்று ஒரே ஓட்டம், நோட்டு வரவில்லை. பத்தரைக்குத்தான் கையெழுத்து. ஓடிப்போய் பஸ். மடியில் தட்டு, அதன் மேல் மாலை. பக்கத்தில் ஒரு ஆச்சி, "யாருக்குய்யா விசேஷம்?" என்றது. "மருமவளுக்குக் காது குத்து" என்றேன். ஆறு மாதத்தில் வாய் நிறையச் சொன்ன ஒரே வார்த்தை.

வன்னியம்பட்டி வருவதற்குள் போன். குமாஸ்தா.

"அண்ணே, உங்க மனு அலவ் ஆயிட்டு. காலையில மொத கேஸே நம்ம கேஸ்தான். அடுத்த வாய்தா புரட்டாசியில."

"ஐயோ, நான் வந்துக்கிட்டிருக்கேன்ய்யா! பஸ்ஸுல வாரேன்!"

"எங்கிட்ட சொல்லலையே? நீங்க வர மாட்டேன்னுதான வழக்கமாப் போடுதோம்."

"இப்ப வந்தா என்ன?"

"வராதீங்க. இன்னைக்கு ஆஜராக வேண்டாம்னு உத்தரவு ஆயாச்சு. கோர்ட்டுல வேலை இல்லன்னா ஊருக்குள்ள வர உங்களுக்கு விலக்கும் இல்ல. யாராவது பாத்துச் சொன்னா ஜாமீன் போயிரும்ணே."

எழுந்து, நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். கண்டக்டர் விசிலடித்தார். ஊர் எல்லைக்கு முந்தின வன்னியம்பட்டி ஸ்டாப்பில் தட்டோடு இறங்கினேன். ஆச்சி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போயிற்று.

கோமதிக்குச் சொன்னேன். "நடந்து உள்ள வந்திடவாட்டி? என்ன வந்தாலும் வரட்டும்."

"வேண்டாம்ணே." அழுதாள். "மறுபடி உன்னை உள்ள வச்சிட்டா அதையும் அவிய தலையிலதான் போடுவ நீ."

ஆமாம், போட்டிருப்பேன்.

பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது அவளே கூப்பிட்டாள். "அவிய மடியிலதான் வச்சிருக்கோம். ஆசாரி ஆரம்பிக்காரு. போனை வைக்காத." மணி அடிக்கிற சத்தம். யாரோ, "பிள்ளை தலையைப் பிடிங்க." பிறகு யாழினியின் வீறல். கொஞ்சம் அடங்கி, இன்னொரு வீறல். இரண்டு காதும் முடிந்தது. நான் ஸ்டாப் பெஞ்சில் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஆள் இருந்தது, இருந்தும் அழுதேன்.

திரும்பிப் போகிற பஸ் இரண்டு போயிற்று. ஏறவில்லை. எதற்கு உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

ஒன்றரை மணி வாக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமிருந்து ஒரு பைக். செல்வம். முன்னால் டாங்க் மேல் யாழினி, மொட்டைத் தலையில் சந்தனம், காதில் பொட்டு மாதிரி தங்கக் கம்பி, அழுது வீங்கின கண். ரோட்டோரம் நிறுத்தினார். இறங்கவில்லை. மெலிந்துவிட்டார்.

"குத்தியாச்சு மச்சான். இருந்தாலும் உங்க மடியில செத்த நேரம் இருக்கட்டும்னுதான் கூட்டியாந்தேன். மாமன் கம்மலை புண்ணு ஆறினதும் போட்டுக்கிடலாம்."

தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய் இரண்டு கையையும் நீட்டினேன். "வாடி தங்கம்."

யாழினி வரவில்லை. என் கையைப் பார்த்தாள். சட்டென்று திரும்பி டாங்க் மேலேயே மண்டியிட்டு, அவள் அப்பாவின் இடது காதைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. ஆறு மாதமாக அந்தப் பிள்ளை இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்ததா. பெட்டிகளிடம் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். பைக்கின் இடது பக்கம் நின்றபடியே, மெதுவாக: "தப்பு எம்மேல மாப்ள."

அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் என்று நினைத்தேன். மெதுவாகப் பிள்ளையின் கையை எடுத்துவிட்டார்.

"அவ கையை எடுத்தாலும் அந்தக் காது கேக்காது மச்சான். என்னமோ சொன்னீங்களே, இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

பைக்கைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனேன்.