ஒன்றுக்கு நாற்பது

ஜூன் 3, 1945

ஞாயிறு. மாதா கோயிலிலிருந்து வரும்போது தோட்டத்துக் கங்காணி நாகப்பன் வழிமறித்தார். ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களில் மறுபடி ஆள் எடுக்கிறானாம். என் தம்பி சூசைமுத்துவின் பேர் இருக்கிறதாம்.

"பத்து வெள்ளி குடு, பேரை அடிச்சிடறேன்."

மடியைப் பிரித்தேன். சிரித்தார். "இந்த ஜப்பான் வாழைமர நோட்டு யாருக்கு வேணும்? பழைய வெள்ளைக்கார ராஜா தலை நோட்டு கொண்டா. முழுசா, ஒரே நோட்டு."

என் வீட்டுக்காரர் அருள்சாமியும் இப்படித்தான் சயாமுக்குப் போனார். மூன்று மாதம் என்றார்கள். போன வருஷம் திரும்பி வந்த ஒருத்தன், அவர் செத்துப்போனதைச் சொன்னான். புதைத்தார்களா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டான்.

ஜூன் 5

ரிங்லெட் கடைத்தெருவுக்கு நடந்தேன். ஜப்பார் பாய் கடைப் பின்கட்டில் ரகசியமாக மாற்றித் தருகிறார். ராஜா நோட்டு ஒன்றுக்கு ஜப்பான் நோட்டு நாற்பது. பத்துக்கு நானூறு. என்னிடம் முந்நூறுதான்.

"இருக்கறதை இப்பவே மாத்திட்டுப் போ தங்கச்சி. நாளைக்கு என்ன விலையோ."

பயம். ராஜா தலையை வீட்டில் வைத்திருந்தான் என்றுதான் எங்கள் தோட்டத்துச் சிங்காரத்தை ஜப்பான் மிலிட்டரி போலீஸ் கொண்டுபோனது. வரவே இல்லை. முழுசும் சேரட்டும், மாற்றின அன்றைக்கே கங்காணி கையில் கொடுத்துவிடலாம் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 9

மழை. தேயிலை பிடுங்கின இடத்தில் மரவள்ளி நட்டோம். சூசைக்கு இன்னும் சொல்லவில்லை. பாடிக்கொண்டே மண் வெட்டுகிறான்.

ஜூன் 19

கோழி இரண்டையும் விற்றேன். நானூறு ஆனது. ஓடினேன்.

ஜப்பார் பாய் என் முகத்தைப் பார்க்காமல், "இன்னிக்கு அம்பது" என்றார்.

கடையில் இருந்தவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். "நோட்டு விழுதுன்னா ஜப்பான்காரன் விழறான்லா. நூறு ஆகட்டும், எல்லாருக்கும் நான் டீ வாங்கித் தர்றேன்" என்றார் ஒருவர். "எந்த நோட்டுல?" என்று இன்னொருவர். சிரிப்பு.

வெள்ளைக்காரன் ஒரு அடி கிட்ட வந்தால் என் தம்பி ஒரு அடி தள்ளிப் போகிறானே. இதை யாரிடம் சொல்ல?

ஜூன் 30

என் வீட்டுக்காரருடைய கம்பளிச் சட்டையை விற்றேன். அவர் வாசம் அதில்தான் இருந்தது. ஐந்நூறு. விலை ஐம்பத்தைந்து.

ஜூலை 2

சூசைக்குத் தெரிந்துவிட்டது.

"மச்சான் சட்டையை ஏன்க்கா வித்தே? நான் போயிட்டு வந்துடறேன். மச்சான் மாதிரி சொங்கியா நான்?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ரெண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஜூலை 12

ஆள் ஏற்ற லாரி வந்தது. கையில் ஐந்நூற்று முப்பது இருந்தது. அப்படியே நீட்டினேன். கங்காணி தொடக்கூட இல்லை.

ஜூலை 13

—

ஆகஸ்ட் 20

சண்டை முடிந்துவிட்டதாம். லயத்தில் வீட்டுக்கு வீடு சந்தோஷத்தில் தகரம் தட்டுகிறார்கள். வாழைமர நோட்டை இனி எந்தக் கடையிலும் வாங்கமாட்டார்கள். அடுத்த வீட்டுப் பிலோமி அதில் அடுப்பு மூட்டுகிறாள். என்னுடையது படுக்கிற பாய்க்கு அடியில் கிடக்கிறது.

செப்டம்பர் 8

சூசை வந்துவிட்டான். அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து நடந்தே மலை ஏறியிருக்கிறான். எனக்கே அவனை அடையாளம் தெரிய நேரமானது. கை கால் குச்சி. காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போடுகிறது.

செப்டம்பர் 10

மலேரியாவுக்கான கொயினா மாத்திரை ஜப்பார் பாயிடம் இல்லை. இருக்கிற ஒரு இடத்தில் ராஜா தலை கேட்கிறார்கள். இப்போது அதை யாரும் ஒளிப்பதில்லை. கங்காணி சட்டைப் பையிலேயே தெரிகிறது.

செப்டம்பர் 11

இன்று கொஞ்சம் தெளிவாகப் பேசினான். இடுப்புத் துணியை அவிழ்க்கச் சொன்னான். உள்ளே கட்டுக் கட்டாக வாழைமர நோட்டு. ஜப்பான்காரன் போகும்போது கூலி என்று அள்ளிக் கொடுத்தானாம்.

"கொயினா வாங்குக்கா. மிச்சத்துல மச்சான் சட்டையை மீட்டுடு."

"சரிடா."

"பாய் என்ன விலைக்கு எடுக்கறாரு?"

"ஒண்ணுக்கு ஒண்ணு" என்றேன்.

சிரித்தான். கட்டைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். கடைசி ஜெபத்துக்குச் சாமியாரைக் கூட்டிவர ஆள் அனுப்பியிருக்கிறேன்.