தொடக் கூடாத போன்

ஷாந்தினி அப்பாவுக்கு,

வாட்சப்புல அனுப்பினா இன்னிக்கு உங்களால படிக்க முடியாது. அதான் பேப்பர்ல எழுதி பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன். ஏன்னு கீழே சொல்றேன்.

சிம்பாங் அம்பாட்டுல அக்கா வீட்டுக்குப் போறேன். நாளைக்குச் சாயங்காலம்தான் வருவேன். மீன் குழம்பைச் சூடு பண்ணிக்குங்க, சோறு குக்கர்ல இருக்கு. கேஸ்காரர் வந்தா பின்கதவைத் திறந்து விடுங்க. சாவி எங்கேன்னு எழுத மாட்டேன். யாராவது படிச்சிட்டா உங்க பிரைவசி என்ன ஆகிறது?

நேத்து உங்க தம்பி முன்னாடி, "என் போனைத் தொடாதே, எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணி வச்சிருக்கேன்"னு சத்தம் போட்டீங்க. வெள்ளிக்கிழமை கோயில்ல பேரு, ராசி, நட்சத்திரத்தை வரிசையில நிக்கிற எல்லாருக்கும் கேக்கிற மாதிரி குருக்கள்கிட்ட சொல்றதும் நீங்கதான். சரி, அதை விடுங்க.

சிமெண்டு வேலையில கைரேகை தேஞ்சு, போன் உங்க விரலை ஏத்துக்க மாட்டேங்குதுன்னு என் கட்டைவிரலைப் பதிய வச்சீங்க. அப்புறம் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நீளமா ஒரு பாஸ்வேர்ட் போட்டு, அதை நீங்களே மறந்துட்டீங்க. இப்போ அந்தப் போன் என் விரலுக்கு மட்டும்தான் திறக்குது லா.

நீங்க சொன்னபடி போனைத் தொடலை. மேசை மேலேயே இருக்கு. விரலை மட்டும் என்னோட கொண்டு போறேன்.

பி.கு.: ரொம்ப அவசரம்னா பக்கத்து வீட்டு ராஜம்மாக்கா போன்ல கூப்பிடுங்க. என் நம்பர் மனப்பாடமா தெரியும்தானே? இல்ல, அதையும் அந்தப் போனுக்குள்ளதான் பூட்டி வச்சிருக்கீங்களா?