தினமும் ஒரு தப்பு

அன்புள்ள நிதானத்துக்கு,

அவசரக்குடுக்கை எழுதிக்கொள்வது. நான் நலம். உன் நலத்தைக் கடிதத்தின் கடைசியில் விசாரிக்கிறேன். இப்போதே கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று ஒரே வார்த்தையில் கடையைக் கட்டிவிடுவாய். போனில் பேசாமல் எழுதுவதும் அதனால்தான். போனில் பேச்சை மாற்றுவதில் நீ கில்லாடி. காகிதத்திடம் அது பலிக்காது.

முதலில் நல்ல சேதி. எனக்கு எம்.பி.ஏ.வில் இடம் கிடைத்துவிட்டது. மாலை வகுப்பு, அடுத்த மாதம் தொடங்குகிறது. முதலாளியிடம் சொன்னேன். லென்ஸைத் துடைத்துக்கொண்டே, படித்துவிட்டு வந்து என் கடையையே விலை பேசிவிடாதே என்றார். சிரிக்கவில்லை. ஆனால் அன்று மாலை எல்லாருக்கும் அவர் செலவில் டீ. நம் கண்ணாடிக் கடை சரித்திரத்தில் நடக்காத அதிசயம். பார்க்க நீதான் இல்லாமல் போனாய்.

நாம் இருவரும் நுழைவுத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தபோது என் லட்சணம் உனக்கு நினைவிருக்கும். நாலு வண்ணத்தில் அட்டவணை எழுதி, ஃபிரேம் அலமாரியின் பின்பக்கம் ஒட்டினேன். விடிகாலையில் கணக்கு, பேருந்தில் ஆங்கிலம், சாப்பாட்டு வேளையில் பொது அறிவு. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் தவறினால் மறுநாள் தலையில் இரண்டு நாள் பாடம். கடைசியில் அந்த அட்டவணையைப் பார்க்கவே பயந்து, அதன்மேல் தள்ளுபடி விளம்பரத்தை ஒட்டி மறைத்தேன். நீதான் இரண்டையும் சேர்த்துக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு தப்பு போதும் என்றாய். அன்றைக்குத் தவறாகப் போட்ட ஒரு கேள்வி, ஏன் தவறியது என்று ஒரு வரி. அதை ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். சரியாகப் போட்டதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் நாம் கத்திக் கத்தித் தப்புகளைச் சொன்னதில், வந்தவர்கள் எல்லாம் நமக்குள் சண்டை என்றே நினைத்தார்கள்.

கல்யாணமாகி நீ அத்தனை தூரம் போன பிறகும் அது நிற்கவில்லை. கடை சாத்தும் நேரத்துக்கு உன் தப்பு போனில் வந்து நிற்கும்.

மாதிரித் தேர்வில் நான் மண்ணைக் கவ்விய வாரம், புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடத்தான் இருந்தேன். அன்று நீ அனுப்பியது இது. ‘பொருந்தாதது எது’ என்ற கேள்விக்குப் பொருந்துவதைக் குறித்துவிட்டாயாம். காரணம், கேள்வியை முழுதாகப் படிக்கவில்லையாம். நிதானமே தடுக்கி விழுகிறது என்றால் நான் எம்மாத்திரம் என்று எனக்கு ஒரே சிரிப்பு. சிரித்த கையோடு புத்தகத்தையும் விரித்துவிட்டேன். அதன் பிறகு நீ அனுப்பியதெல்லாம் அதே ரகம். மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்ற மறந்தது, கடைசி வரிக்கு முன்பே விடைக்குப் பாய்ந்தது. உனக்குப் புத்தி சொல்லிச் சொல்லியே அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போனது. தேர்வு அறையில் ஒவ்வொரு கேள்வியையும் கடைசிச் சொல் வரை படித்தேன். அதே நாளில் நீயும் உன் ஊரில் எழுதிக்கொண்டிருக்கிறாய் என்ற தைரியம் வேறு.

போன வாரம் உன் அம்மா கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தார்கள். அவர்கள் மூக்கில் ஃபிரேமைப் பொருத்திக்கொண்டே, உங்கள் மகளுக்குத் தேர்வு முடிவு என்ன ஆயிற்று, கேட்டால் மழுப்புகிறாளே என்றேன். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்கள்.

“அவ எங்கேம்மா எழுதினா? மாமனார் படுத்த படுக்கையானதும் புத்தகத்தை மூடினவதான். தெரிஞ்சா நீயும் விட்டுடுவேன்னு, உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா.”

கையிலிருந்த திருகாணி கீழே விழுந்தது. அதைத் தேடுகிற சாக்கில் மேசைக்கு அடியில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வருகிறவர்களின் கண் அளவை மூன்று முறை சரிபார்க்காமல் எழுத மாட்டாய் நீ. நீயா கேள்வியைப் பாதியில் விடுவாய்? அத்தனையும் என் தப்புகள், உன் பெயரில் வந்தவை. மாமனாருக்கு மருந்து கொடுத்து, புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றி, அதற்கு நடுவே தினமும் எனக்காக உட்கார்ந்து ஒரு தப்பு செய்திருக்கிறாய். கோபம் வராமல் இல்லை. ஆனால் யாரும் எனக்காக இப்படி ஒன்றைச் செய்ததில்லை. எனக்குக் கிடைத்த எம்.பி.ஏ. இடத்தில் பாதி உன்னுடையது என்றால் திட்டுவாய். அதனால் முக்கால் என்றே வைத்துக்கொள்.

உன் மாமனார் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாராமே. சீக்கிரம் கையை எடுத்துவிட்டு நடக்கட்டும். அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் தொடங்கிவிட்டது. உன் வீட்டுக்காரர் நல்லவர். வாய் திறந்து சொன்னால்தான் புரியும், அவ்வளவுதான். அவரிடம் சொல். கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தை அவர் கண்ணில் படுகிற இடத்தில் வை.

முறைப்படி என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை மாதமாக எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறேன் என்றாய். சரி என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். காரணம், முழுதாகப் படிக்கவில்லை.

இப்போது நிதானமாகக் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்? தினமும் கடை சாத்தும் நேரத்தில் போனைப் பார்த்துக் காத்திருப்பேன். ஒரு தப்பு அனுப்பு. இந்த முறை உன்னுடையதாக இருக்கட்டும்.

என்றும் உன்,
அவசரக்குடுக்கை